போதும் என்று சொல்லும் இடம்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாமே" என்று ஆரம்பிக்கக் கூடாது. பொறுமையாக இருந்து பார்த்தவள்தான் நான். பொறுமையாக இருந்தால் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போகிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நான் கடையில் ஒரு பீரோ சாவிக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னுடையது சாவிக்கடை. சாவி வெட்டுவேன், பூட்டு பழுது பார்ப்பேன், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்று கையைப் பிசைகிறவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பேன். ஒரு செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய இடம். மெஷின் சத்தத்தில் போனில் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. 'திருட்டு' என்ற சொல் மட்டும் முழுதாக விழுந்தது.

"உங்க பொண்ணு கிளாஸ்ல மத்த பிள்ளைங்க சாப்பாட்டையெல்லாம் எடுத்துச் சாப்பிட்டிருக்கா. உடனே வாங்க" என்றார் தலைமை ஆசிரியை.

மெஷினை நிறுத்தினேன். பீரோக்காரர், "என் சாவி?" என்றார். "அரை மணி நேரம் பீரோ இல்லாம இருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

என் பெண்ணை வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் அவ்வளவுதான் சாப்பிடுவாள். ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கொறிப்பாள். அவள் வாயில் ஒரு கவளம் போவதற்குள் அவள் அப்பாவும் நானும் தெருமுனை வரை நடந்து வந்துவிடுவோம். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கண் மங்கியது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று போனோம். படம் எடுத்துப் பார்த்தால் மூளைக்கு அடியில் ஒரு கட்டி. திராட்சைப் பழ அளவு. புற்று இல்லை, ஆனால் விட்டால் பார்வை போய்விடும் என்றார்கள். மண்டையைத் திறந்து எடுத்தார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்து, "முழுசா எடுத்தாச்சு, சந்தோஷமா இருங்க" என்றார். சந்தோஷமாக இருந்தோம். அவர் காலில் விழாத குறை. மயக்கம் தெளிந்த பிள்ளை முதலில் கேட்டது சாப்பாடு. ஆகா, பிழைத்துக்கொண்டாள் என்று அவள் அப்பா அழுதே விட்டார்.

அதற்குப் பிறகு அவள் சாப்பாடு கேட்பதை நிறுத்தவே இல்லை.

ஆறு மாதத்தில் அவளை என் உடன்பிறந்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தட்டைப் பாதியாக்கினேன். அதையும் பாதியாக்கினேன். எடை ஏறியது. அந்த ஆஸ்பத்திரியிலேயே எங்களை வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். சுரப்பிகளைப் பார்க்கிற அம்மா. அவர்தான் கடைசியில் விஷயத்தைச் சொன்னார். உடம்பில் இருக்கிற கொழுப்பு சும்மா உட்கார்ந்திருப்பதில்லையாம். லெப்டின் என்று ஒன்றைச் சுரந்து ரத்தத்தில் அனுப்புகிறது. 'கையிருப்பு இருக்கிறது, சாப்பிட்டது போதும்' என்பதுதான் அதன் செய்தி. மூளைக்கு அடியில் ஒரு சின்ன இடம் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு பசியை அடக்குகிறது. வயிறு காலியானால் 'சாப்பாடு வேண்டும்' என்று சொல்கிற கிரெலின் என்ற இன்னொன்றும் அதே இடத்துக்குத்தான் போகிறது. இரண்டையும் கேட்டு நியாயம் சொல்கிற இடம் அது. கட்டி அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. கட்டி போனபோது அதுவும் போய்விட்டது.

"உங்க தொழில் பாஷையில சொல்லணும்னா, லெப்டின் ஒரு சாவி. மூளையில அதுக்கு ஒரு பூட்டு. இவளுக்குச் சாவி நிறைய இருக்கு. நுழைக்கப் பூட்டு இல்ல" என்றார்.

எனக்கே பூட்டுக் கதை. ஆனால் புரிந்தது. அவள் மூளையைப் பொறுத்தவரை அவள் பட்டினி கிடக்கிறாள். எவ்வளவு சாப்பிட்டாலும், எவ்வளவு பெருத்தாலும், பட்டினி. அதனால் உடம்பு எரிப்பதையும் குறைத்துக்கொண்டு உள்ளே போகிற ஒவ்வொரு கவளத்தையும் பதுக்குகிறது. பஞ்ச காலத்தில் வீட்டுக்காரி செய்கிற மாதிரி.

"இதை ஏன் ஆபரேஷனுக்கு முன்னாடி யாரும் சொல்லல?" என்று கேட்டேன்.

"உயிரும் கண்ணும் முக்கியம் இல்லையா?" என்றார்.

அது நியாயம்தான். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஆறு மாதமும் நான் என் பிள்ளையை, "நாக்கை அடக்கு, நாக்கை அடக்கு" என்று கரித்துக் கொட்டினேனே, அதை யார் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்?

சரி, பள்ளிக்கூடம். குருவி தலைமை ஆசிரியையின் அறைக்கு வெளியே நின்றிருந்தாள். சட்டையில் ரொட்டித் துகள். என்னைப் பார்த்ததும் அதைத் தட்டிவிடப் பார்த்தாள். நான் பக்கத்தில் போனதும் கையைக் கீழே போட்டுவிட்டாள். விளையாட்டு நேரத்தில் எல்லோரும் மைதானத்துக்குப் போயிருக்கிறார்கள். இவளுக்கு மூட்டு வலி, ஓடக் கூடாது, அதனால் வகுப்பில் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாக்கள் அடுக்கியிருக்கும் திறந்த அலமாரிக்கு நேர் எதிரே. அலமாரியின் ஒரு தட்டில் இருந்த டப்பாக்களை முழுக்கக் காலி செய்திருந்தாள்.

"பதினாலு வயசுப் பொண்ணு. சின்னக் குழந்தையா? கொஞ்சமாவது கட்டுப்பாடு வேணாமா?" என்றார் தலைமை ஆசிரியை.

"நான் சேர்க்கும்போதே சொன்னேன். மூளையில ஆபரேஷன், பசியை அடக்கற இடம் போயிடுச்சுன்னு."

"சொன்னீங்க. எனக்கும் சுகர் இருக்கு, தைராய்டு இருக்கு. அதுக்காக நான் அடுத்தவங்க டப்பாவைத் திறக்கறேனா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "மேடம், உங்களுக்கு மூச்சு முட்டினா மூச்சு விடாம இருக்க முடியுமா? கட்டுப்பாடா ஒரு அஞ்சு நிமிஷம் இருந்து காட்டுங்க, நான் பாக்கறேன்" என்றேன்.

அவர் முகம் இறுகியது. என் வாய் செய்கிற வேலை இது. கேட்கிற ஆளைக் கொஞ்சம் இளக்கி வைத்துக்கொண்டு பேச எனக்கு வராது. "வெள்ளிக்கிழமை அவ கிளாஸ் முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்கணும். பேராசைப்பட்டு எடுத்துட்டேன், இனிமே நாக்கை அடக்கிக்கறேன்னு அவ வாயால சொல்லணும். மத்த பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும் இல்ல? அதுவரைக்கும் வர வேணாம். சொல்ல முடியாதுன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கங்க" என்றார்.

வேறு பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? ஆபரேஷனுக்காக ஒரு வருடம் போய்விட்டது. மூன்று வேளை மாத்திரை, மூக்கில் அடிக்கிற மருந்து, ஒரு வேளை தப்பினால் மயங்கி விழுவாள் என்று சொன்னதும் இரண்டு பள்ளிக்கூடங்களில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இங்கேதான் வகுப்பாசிரியை மாத்திரையைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு நேரத்துக்குக் கொடுக்கிறார். குருவியும் விட்ட வருடத்தைப் பிடித்துவிட்டாள். கணக்கில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் இல்லை. இந்த இடமும் போனால் அவள் வீட்டில்தான் உட்கார வேண்டும், அந்த உடம்போடு, அந்தப் பசியோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

இருந்தாலும் நான், "என் பொண்ணு பேராசைக்காரி இல்ல. அவ அப்படிச் சொல்ல மாட்டா" என்றேன். குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது அவள் கேட்டாள்: "மதியச் சாப்பாடு எப்பம்மா?"

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. ஆனால் இருந்தது.

சாயங்காலம் அண்ணி வந்துவிட்டார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் அவர் வீட்டில் சத்தம் கேட்கும். கூடவே ஒரு டப்பா நிறைய ஏதோ மாவு. தண்ணீரில் கரைத்துக் குடித்தால் பசியே எடுக்காதாம்.

"பிள்ளையை எங்கிட்ட ஒரு மாசம் விடு. கம்பி மாதிரி ஆக்கிக் காட்டறேன்" என்றார். "எல்லாம் செல்லம். ஒத்தப் பிள்ளைன்னு கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழக்கிட்டீங்க."

"அண்ணி, டாக்டர் சொன்னதை உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?"

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. எனக்குந்தான் பசிக்குது. நான் ஒரு வேளைதான் சாப்பிடறேன்."

அந்த ஒரு வேளை காலையில் ஆரம்பித்து ராத்திரி முடியும் என்பது எனக்குத் தெரியும். வாய் வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். நாள் முழுக்க ஊர்க்காரர்கள் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, யாரோடும் சண்டை வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்ட மனிதர். சீருடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மன்னிப்புத்தானே. கேட்டா என்ன கொறஞ்சு போயிடும்? கேட்டுட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார்.

"செய்யாத தப்புக்கா?"

"சாப்பிட்டது அவதானே."

"சாப்பிட்டது அவ. தப்பு அவளோடது இல்ல. உங்க பஸ்ல பிரேக் வயரை எவனோ அறுத்துட்டுப் போயிட்டான்னு வைங்க. வண்டி போய் மோதினா டிரைவர் திமிர்ல மோதிட்டான்னு ஊர் முன்னாடி மன்னிப்புக் கேப்பீங்களா?"

அவர் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். அண்ணிதான் விடவில்லை. "ஊருக்கெல்லாம் பூட்டுப் போடறவ நீ. உன் சமையலறையைப் பூட்டத் தெரியாதா? பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கோ. தானா அடங்குவா."

இதைக் கேட்டதும் எனக்குள் எதுவோ அறுந்துவிட்டது. சுரப்பி டாக்டரும் போன வருடம் இதையேதான் சொன்னார். சமையலறையையும் ஃப்ரிட்ஜையும் பூட்டி வையுங்கள் என்று. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பூட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பூட்டு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் யாரோ ஒருவரைச் சந்தேகப்பட்டுத்தான் வருகிறார்கள். வேலைக்காரியை, பங்காளியை, பக்கத்து வீட்டை, சில சமயம் கட்டின பெண்டாட்டியை. அந்த முகங்களைத்தான் நான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். அந்த முகத்தோடு என் பிள்ளையை நான் பார்க்க மாட்டேன்.

"திருடனுக்குத்தான் அண்ணி பூட்டு. என் வீட்டுல திருடன் இல்ல" என்றேன். "உங்க மாவை எடுத்துட்டுக் கெளம்புங்க."

அண்ணி கிளம்பினார். மாவை விட்டுவிட்டுப் போனார். குருவி அறைக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் அந்த மாவு டப்பா காலியாக இருந்தது. கரைக்காமல், வெறும் மாவாகவே தின்றிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் இல்லாததால் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே, மெஷினுக்குப் பின்னால், ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். நான் அவளிடம் பேசவில்லை. மாவுக் கோபம். அவள் பாட்டுக்கு ஒரு பழைய பூட்டை எடுத்து வைத்துக்கொண்டு கம்பியை விட்டு நோண்டினாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடையில் வளர்ந்தவள், மட்டமான பூட்டையெல்லாம் பேசிக்கொண்டே திறந்துவிடுவாள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். பீரோக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "பாப்பா நல்லா சாப்பிடும் போல" என்றார். நான் மீதிச் சில்லறையை அவர் கையில் வைக்காமல் மேசையில் போட்டேன்.

அவர் போனதும் குருவி சொன்னாள்: "அம்மா, நீ ஒரு பூட்டுப் போடேன்."

"எதுக்கு?"

"சமையலறைக்கு. ஃப்ரிட்ஜுக்கும்."

"உங்க அத்தை சொல்லிக் கொடுத்தாளா?"

"நானேதான் கேக்கறேன்."

"நீ என்ன திருடியா? உன்னைப் பூட்டி வைக்க நான் என்ன ஜெயிலா நடத்தறேன்? ஊர் பேசறதைக் கேட்டு நீயே உன்னைத் திருடின்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டியா?"

கையிலிருந்த பூட்டை அவள் தரையில் அடித்தாள். தெருவில் போனவர் ஒருவர் நின்று பார்த்தார். இரண்டு வருடத்தில் அவள் அழுவதை, கெஞ்சுவதை, பொய் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கோபப்பட்டுப் பார்த்ததில்லை. என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"உனக்கு உன் கவுரவந்தான் பெருசு" என்றாள். "என் பொண்ணு திருடி இல்ல, என் பொண்ணு திருடி இல்லன்னு ஊரெல்லாம் சண்டை போடற. எனக்கு என்ன ஆகுதுன்னு உனக்குத் தெரியுமா? நான் கணக்குப் போடும்போது என் தலைக்குள்ள ஒண்ணு தேடிக்கிட்டே இருக்கும்மா. ஃப்ரிட்ஜுல முட்டை இருக்கு. அப்பா சட்டைப் பையில பிஸ்கட் இருக்கு, நான் அழுதா எடுத்துக் கொடுப்பார். குப்பைத் தொட்டி மூடியை மெதுவா தூக்கினா சத்தம் வராது. குளிக்கும்போதும் தேடுது. தூக்கத்துலயும் தேடுது. போய் எடு, போய் எடுன்னு. நான் போக மாட்டேன், போக மாட்டேன்னு படுத்திருப்பேன். விடிஞ்சா நீ எழுந்து வந்து ஒண்ணும் கொறையலன்னு சந்தோஷப்படுவ. நான் தூங்கியே இருக்க மாட்டேன்."

நான் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தேன்.

"டாக்டர் ஏன் பூட்டச் சொன்னாங்கன்னு நீ கேட்டியா? நீ பாதியில எழுந்து போயிட்ட. நான் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன், எங்கிட்ட சொன்னாங்க. கெடைக்கும்னு தெரிஞ்சா மூளை தேடறதை விடாதாம். கெடைக்கவே கெடைக்காது, ஆனா இத்தனை மணிக்குக் கண்டிப்பா வரும்னு தெரிஞ்சா கொஞ்ச நேரம் விட்டுருமாம். பசி போகாதாம். தேடறதுதான் நிக்குமாம். அது தண்டனை இல்லம்மா, அதுவும் மருந்துன்னு சொன்னாங்க."

"இத்தனை நாளா ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அவங்களோட சண்டைக்குப் போவ."

அது உண்மை. நான் போயிருப்பேன்.

அவள் குனிந்து பூட்டை எடுத்தாள். மூச்சு வாங்கியது. "இங்க உக்காந்தா எனக்கு நிம்மதியா இருக்கு. ஏன்னு தெரியுமா? இங்க திங்க ஒண்ணும் இல்ல. வெறும் பித்தளை" என்றாள்.

கடையைப் பாதியிலேயே சாத்தினேன். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. காரணத்தை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பூட்டைப் பற்றிப் பேசத் தெரியாத டாக்டர் மேல், சரியான விஷயத்தைத் தப்பான வாயால் சொன்ன அண்ணி மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். ஊரில் பாதி வீட்டுக்குப் பூட்டுப் போட்டவள், தேவைப்பட்ட ஒரு வீட்டுக்குப் போடவில்லை.

பூட்டு மாட்டுகிற கொண்டியும் இரண்டு பூட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஃப்ரிட்ஜும் சமையலறைக்குள்தான் இருந்தது; முதல் பூட்டை அந்தக் கதவில் மாட்டினேன். குருவி ஒரு தலைக் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே விட்டுக் கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டு, "இது வேணாம்" என்றாள். அடுத்ததை மாட்டினேன். இது வங்கிக்காரர்கள் கேட்கிற ரகம். முட்டி வலிக்க உட்கார்ந்து முயன்று பார்த்தாள். வியர்த்தது. திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டாள், கம்பியை மாற்றினாள், மறுபடி முயன்றாள். கடைசியில் கம்பியைப் போட்டுவிட்டு, "இது சரியா இருக்கு" என்றாள். ஒரு கடைக்காரியாக எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் அப்பா வந்தார். பூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைக்கப் போனார். "எங்கிட்ட இல்ல, அம்மாகிட்ட" என்றாள். அவர் என்னிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு யார் சொன்னார்களோ, போன் வந்தது. "நான் சொன்னேன் இல்ல?"

"நீங்க சொன்னது வேற பூட்டு" என்று வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டினோம். அந்த நேரத்துக்கு என்ன ஆனாலும் தட்டு வந்துவிட வேண்டும், ஒரு நிமிடம் பிந்தக் கூடாது என்றாள் குருவி. பிந்தவில்லை. பூட்டுப் போட்ட மறுநாள் காலை அவளை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் அவளை எழுப்பியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. "போக வேணாம், நான் வேற பள்ளிக்கூடம் தேடறேன்" என்றேன். அவள் சீருடையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"அந்த அம்மா சொல்லச் சொன்னதை நீ சொல்லப் போறியா?"

"நான் பாத்துக்கறேன். நீ பேசாம இருப்பியா?"

"இருக்கேன்."

"சத்தியமா?"

"இருக்கேன்னு சொல்றேன்ல" என்று கத்தினேன்.

வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசிச் சுவரோரம் நின்றேன். தலைமை ஆசிரியை கரும்பலகைக்கு முன்னால் நின்று, சாமான்களைக் காட்டுவது போலக் குருவியைக் கையால் காட்டி, "ஆரம்பி" என்றார். பின் வரிசையில் ஒரு சிரிப்பு. யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

குருவி கையைக் கட்டவில்லை. தொங்கவிட்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை உங்க சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டது நான்தான். உங்களுக்குப் பசிச்சப்போ டப்பா காலியா இருந்திருக்கும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு மன்னிச்சிருங்க" என்றாள்.

"அப்புறம்?" என்றார் தலைமை ஆசிரியை. "பேராசை..."

"பேராசை இல்ல மேடம். பசி. எடுத்ததுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன். பசிச்சதுக்குக் கேக்க மாட்டேன்."

"இப்படிப் பேச யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியுது" என்று தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தாடை வலித்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு இவ்வளவு நிதானமாகப் பேசவும் தெரியாது.

அப்போது முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். கண்ணாடி போட்ட, மெலிந்த பெண். அவளுடைய டப்பாவும் போன டப்பாக்களில் ஒன்று என்று பிறகு தெரிந்தது. அனுமதிக்குக் காத்திராமல் கேட்டாள்.

"இப்பவும் பசிக்குதா?"

"பசிக்குது."

"காலைல சாப்பிடலயா?"

"சாப்பிட்டேன்."

"சாப்பிட்டா கொஞ்ச நேரமாவது நிக்காதா?"

"நிக்காது."

"அப்ப வயிறு ரொம்பறதே இல்லையா?"

"வயிறு ரொம்பும். வலிக்கும். பசி மட்டும் அப்படியே இருக்கும்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். "கடைசியா எப்ப பசிக்காம இருந்துச்சு?"

குருவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கணக்குப் போடும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி. எங்க அப்பா ரொட்டி ஊட்டினார். போதும்பான்னு சொன்னேன். சொன்னது ஞாபகம் இருக்கு" என்றாள். "போதும்னா எப்படி இருக்கும்ங்கிறதுதான் ஞாபகம் இல்ல."

இரண்டு வருடமாக ஊரோடு முட்டிக்கொண்டவள் நான். டாக்டர்களை, அண்ணியை, கட்டினவரை, தெருவில் திரும்பிப் பார்த்தவனை, யாரையும் விட்டதில்லை. அந்தப் பெண் கேட்டதை நான் ஒரு நாளும் என் பிள்ளையிடம் கேட்டதில்லை. எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறேன். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டிருக்கிறேன். அந்தச் சுவரோரம் நின்றபோது எனக்கு வந்த கோபத்துக்கு மேலே போய் விழ ஆள் கிடைக்கவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த வகுப்பாசிரியை எழுந்து, அலமாரியிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கையில் அடுக்கிக்கொண்டு பூட்டு இருக்கிற ஆசிரியர் அறைப் பக்கம் நடந்தார். கண்ணாடிப் பெண் மீதியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். தலைமை ஆசிரியை நகர்ந்து அவர்களுக்கு வழிவிட்டார்.

குருவி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து கணக்கு நோட்டை எடுத்தாள். யாரும் அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை.